ஆக்குபேஷனல் தெரபியில் சிகிச்சையாளருக்கும் சிகிச்சை பெறுபவருக்கும் இடையிலான உறவு எப்படி உருவாகிறது?

நோயாலோ குறைபாட்டாலோ தடைப்பட்ட அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையே ஆக்குபேஷனல் தெரபி. படிப்பை முடித்து இரண்டு ஆண்டுகளாக ஒரு மருத்துவமனையின் பக்கவாத மறுவாழ்வுப் பிரிவில் பணியாற்றும் இளம் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது: பயிற்சிகளை முறையாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், மரியாதையாகவும் கனிவாகவும்தான் பேசுகிறேன், இருந்தும் பலர் நான்கைந்து முறை வந்ததோடு நின்றுவிடுகிறார்கள், வீட்டில் செய்யச் சொன்னதைச் செய்வதில்லை. சிகிச்சைக்கு வருபவரோடு உறுதியான உறவை எப்படி உருவாக்குவது, எந்த அளவுக்கு நெருங்கலாம்?

கனிவு வேண்டும்; அதில் ஐயமில்லை. ஆனால் கனிவான பேச்சைக் கேட்பதற்காக எவரும் ஆட்டோவுக்குச் செலவழித்து, மகனை ஒரு நாள் வேலைக்கு விடுப்பு எடுக்கவைத்து, படியேற முடியாத காலோடு மருத்துவமனைக்கு வருவதில்லை. தம் வாழ்க்கையிலிருந்து பறிபோன ஏதோ ஒன்றை மீட்பதற்காக வருகிறார்கள். அந்த ஒன்று எது என்று நாம் கேட்டறிந்தோமா, கேட்டதற்கு மதிப்புக் கொடுத்தோமா, நாம் தரும் பயிற்சி அதை நோக்கித்தான் போகிறது என்பது அவருக்குப் புலப்படுகிறதா என்பவற்றைப் பொறுத்தே நம் துறையில் உறவு உருவாகிறது. மருந்து கொடுப்பவருக்கும் அறுவை செய்பவருக்கும் இல்லாத ஒரு வாய்ப்பு நமக்கு உண்டு: சிகிச்சையே ஒரு வேலையை இருவரும் சேர்ந்து செய்வதுதான். அந்த வேலை எது என்பதைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில்தான் நம்பிக்கை பிறக்கிறது அல்லது உடைகிறது.

மனநல மருத்துவர் ஜெரோம் ஃபிராங்க் 1958இல் அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி இதழில் எழுதிய கட்டுரையில், சிகிச்சையாளர் தம்மையே ஒரு சிகிச்சைக் கருவியாகப் பயன்படுத்துவதைப் பற்றிப் பேசினார். அந்த எண்ணம் அன்று முதல் நம் பாடத்திட்டங்களில் இருந்துவருகிறது. ஆனால் உங்கள் சிக்கலுக்கு இன்னும் நேரடியாகப் பயன்படுவது, உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் முன்வைத்த பகுப்பு. சிகிச்சைக் கூட்டுறவு என்பதில் மூன்று கூறுகள் உண்டு என்றார் அவர்: இலக்கில் உடன்பாடு, அந்த இலக்கை அடையச் செய்யும் பணிகளில் உடன்பாடு, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. நம் இளம் சிகிச்சையாளர்கள் பெரும்பாலும் மூன்றாவதற்கு மட்டுமே உழைக்கிறார்கள் என்பது என் கணிப்பு. சிரித்த முகத்தோடு வரவேற்கிறார்கள், குடும்பத்தை விசாரிக்கிறார்கள். ஆனால் இலக்கை மதிப்பீட்டுப் படிவத்திலிருந்தும், பணியை அலமாரியில் இருக்கும் கருவிகளிலிருந்தும் எடுத்துவிடுகிறார்கள். வருபவருக்கு உங்களைப் பிடித்திருக்கிறது, உங்கள் சிகிச்சை எதற்கென்று மட்டும் தெரியவில்லை. அதனால்தான் மனக்கசப்பு ஏதுமில்லாமலேயே நின்றுவிடுகிறார்.

சாப்பிடுவதையே எடுத்துக்கொள்வோம். வலது பக்கம் செயலிழந்த ஒருவருக்கு இடது கையில் கரண்டியைக் கொடுத்து உண்ணப் பழக்குவது பாடநூல் சொல்லும் எளிய வழி. இரண்டு வாரத்தில் அவர் யார் உதவியும் இல்லாமல் சாப்பிட்டுவிடுவார். நாமும் படிவத்தில் 'உணவு உண்பதில் சுதந்திரமாக இருக்கிறார்' என்று குறித்துவிடுவோம். ஆனால் அறுபது ஆண்டுகள் வலது கையால் பிசைந்து உண்ட மனிதருக்கு, பந்தியில் உட்கார்ந்து இடது கையை இலைக்குக் கொண்டுபோவது எவ்வளவு கூச்சம் தரும் என்பதை நாம் கேட்டிருக்க மாட்டோம். அவர் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தியிருப்பார். வீட்டிலும் எல்லாரும் சாப்பிட்ட பிறகு தனியாகச் சாப்பிடுவார். கேட்டிருந்தால், வலது கையால் சாப்பிடுவதுதான் அவருடைய இலக்கு என்பது முதல் நாளே தெரிந்திருக்கும். விரல்களில் ஓரளவு அசைவு இருக்குமானால் அதற்கான பாதையும் நம்மிடம் இருக்கிறது: முதலில் மாவு பிசைவது, பிறகு இட்லியைப் பிட்டு எடுப்பது, பிறகு உப்புமா, பிறகு இறுகப் பிசைந்த தயிர்சாதம், கடைசியாக ஒழுகும் ரசஞ்சாதம். விரல் நுனியில் சேர்த்த கவளத்தைக் கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளும் அந்த ஓர் அசைவைப் பெற எத்தனையோ பயிற்சிகளைக் கொடுக்கலாம். அந்த அசைவு சோற்றுக்காக என்று தெரிந்தவர் அவற்றைச் செய்வார். கையில் அசைவு திரும்பாது என்ற நிலையிலும் பேச வேண்டியது இருக்கிறது: வெளியிடங்களில் எப்படிச் சாப்பிட அவர் விரும்புவார், மேசையில் கரண்டியோடு உட்கார்ந்தால் கூச்சம் குறையுமா, யார் பக்கத்தில் அமர்ந்தால் அவருக்கு இயல்பாக இருக்கும் என்பனவற்றை அவரோடு சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும்.

கைப்பயிற்சிக்காகக் கூம்பு வடிவக் கோன்களை அடுக்குவதிலும், துளைகள் கொண்ட பலகையான பெக் போர்டில் குச்சி செருகுவதிலும் தவறில்லை. ஆனால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் அவற்றைக் கொடுக்கும்போது, எதற்காக என்று சொல்லாமல் கொடுத்தால், தம்மைக் குழந்தை வகுப்பில் உட்காரவைத்துவிட்டதாகவே அவர் உணர்வார். விளக்கிச் சொல்லுங்கள், முடிந்தால் மாற்றுங்கள். பூக்கட்டுவது இரண்டு கைகளையும் ஒத்திசைக்கும் அருமையான பயிற்சி. பல்லாங்குழியில் சோழிகளை அள்ளி ஒவ்வொன்றாக விடுவது, உள்ளங்கையில் வைத்திருப்பதை விரல் நுனிக்குக் கொண்டுவரும் நுண்திறனை வளர்க்கிறது. கோலப்பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் சீராக விடுவது பிடியின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தக் கற்றுத்தருகிறது. குனிந்து நின்றோ குந்தி உட்கார்ந்தோ போடும்போது சமநிலையும் சேர்ந்துகொள்கிறது. இவற்றையும் எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்துவிடக் கூடாது. வாழ்நாளில் கோலம் போட விரும்பாத பெண்ணுக்குக் கோலத்தைச் சிகிச்சையாகக் கொடுப்பது, பெக் போர்டைக் கொடுப்பதைவிட மோசமானது. அவரை யாரென்று கேட்காமலே முடிவுகட்டிவிட்டோம் என்று அதற்குப் பொருள்.

எப்படிக் கேட்பது என்பதற்குக் கனடாவில் உருவாகி 1991இல் முதன்முதலில் வெளியான செயல்நிறைவு அளவீட்டு முறை ஒரு நல்ல சட்டகத்தைத் தருகிறது. அன்றாட வாழ்வில் தமக்குச் சிக்கலாக இருப்பவற்றை வருபவரே சொல்கிறார். அவற்றுள் மிக முக்கியமான ஐந்து வரை தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு நிறைவு இருக்கிறது என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் இடுகிறார். பின்னர் மறுபடி கேட்கும்போது இரண்டு புள்ளிகள் உயர்ந்திருந்தால் அதைப் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றமாகக் கொள்வது வழக்கம். இந்த முறையின் சிறப்பு மதிப்பெண்ணில் இல்லை. சிகிச்சையின் வெற்றியை அளக்கும் உரிமையை வருபவரின் கையில் கொடுப்பதில் இருக்கிறது. எண்ணாகச் சொல்லத் தயங்கும் முதியவர்களிடம் பத்துப் புளியங்கொட்டைகளை முன்னால் வைத்து, 'முழுக்கச் செய்ய முடிந்தால் பத்து, இப்போது எத்தனை எடுப்பீர்கள்?' என்று கேட்டால் தயங்காமல் எடுத்துவைப்பார்கள்; விரல்களின் பிடியையும் அப்போதே பார்த்துவிடலாம்.

நம் ஊரில் முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: 'கை கால் பழையபடி ஆகணும்.' அதோடு நிறுத்திவிட்டால் நமக்கு எதுவும் கிடைக்காது. 'கை சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். கடையைத் திறப்பேன் என்பார் ஒருவர். பேத்திக்குத் தலை பின்னிவிடுவேன் என்பார் இன்னொருவர். யார் துணையும் இல்லாமல் கழிப்பறைக்குப் போவேன் என்பது மிகப் பலரின் மனத்தில் இருக்கும் பதில்; மிகக் குறைவாகச் சொல்லப்படுவதும் அதுவே. மகளோ மருமகளோ அருகில் நிற்கும்போது அதை எவரும் சொல்ல மாட்டார்கள் என்பதால், சில நிமிடங்களாவது தனியாகப் பேச ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. குந்தி உட்காரும் கழிப்பறையா, வாளியும் குவளையும் எட்டும் தொலைவில் இருக்கின்றனவா, இடது கையால் கழுவிக்கொள்ள முடிகிறதா, கதவைத் தாழிடாமல் போக வேண்டியிருக்கிறதா என்பவற்றை நாம் இயல்பாகக் கேட்டால், அவரும் இயல்பாகச் சொல்வார். யாரிடமும் சொல்லாத ஒன்றை நம்மிடம் சொல்லியும் நாம் அதிர்ச்சியடையவில்லை, உடனே அதற்கு ஒரு வழி தேடினோம் என்பதைக் கண்டவர், அடுத்த முறை நிச்சயம் வருவார் என்பது என் அனுபவம்.

'சரிங்க' என்ற பதிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கூட்டுறவில் விரிசல் விழும் விதங்களை ஆராய்ந்த உளவியலாளர்கள் ஜெரமி சாஃப்ரனும் கிறிஸ்டோபர் முரானும் இரண்டு வகைகளைக் குறிப்பிடுகிறார்கள்: நேராக எதிர்ப்பது ஒன்று, மெல்ல விலகிக்கொள்வது மற்றொன்று. மருத்துவமனையில் வெள்ளைக் கோட்டு அணிந்தவரை எதிர்த்துப் பேசும் பழக்கம் நம் மக்களிடம் குறைவு. ஆகவே இங்கே விரிசல்களில் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. எல்லாவற்றுக்கும் 'சரிங்க மேடம்' என்று தலையாட்டுபவர் ஒத்துழைக்கிறார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவர் தாமதமாக வரத் தொடங்குவது, கேள்விகளுக்குத் துணைக்கு வந்தவரைப் பதில் சொல்லவிடுவது, கடிகாரத்தைப் பார்ப்பது, ஊரில் விசேஷம் என்று ஒரு வாரம் தள்ளிப்போடுவது ஆகியவற்றைக் கண்டதும், 'இந்தப் பயிற்சி உங்களுக்குச் சலிப்பாக இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது; அப்படி இருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடலாம்' என்று நாமே வாயைத் திறக்க வேண்டும். குறை சொல்வதற்கு அனுமதி கொடுப்பவர் நாமாக இருந்தால்தான் அவர் குறை சொல்வார். அதேபோல், 'வீட்டில் செய்தீர்களா?' என்ற கேள்வி ஒரு பொய்யைத்தான் வரவழைக்கும். 'இந்த வாரம் எதைச் செய்ய முடிந்தது, எதற்கு நேரம் இல்லாமல் போனது?' என்று கேட்டால் வீட்டின் உண்மை நிலவரம் தெரியவரும். காலையில் தண்ணீர் பிடிக்கும் நேரத்திலும் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் நேரத்திலும் நாம் எழுதிக்கொடுத்த பயிற்சிக்கு இடமே இல்லை என்பதும் அப்போது புரியும். நின்றுபோனவர்களைத் தொலைபேசியில் அழைக்கும்போதும் இதே நோக்கத்தோடு அழையுங்கள். ஏன் வரவில்லை என்று விசாரித்தால் மன்னிப்புக் கேட்பார்கள். எது பயன்படவில்லை என்று கேட்டால் நமக்கு வேண்டிய பதில் கிடைக்கும்.

நம் சிகிச்சையறைக்குள் ஒருவர் மட்டும் வருவதில்லை. பக்கவாதம் வந்தவருக்கு ஊட்டிவிடும் மனைவி, சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடும் மகள், வெளிநாட்டிலிருந்து வீடியோ அழைப்பில் முடிவுகளைச் சொல்லும் மூத்த மகன் ஆகிய எல்லாரோடும் உறவு வைத்தாக வேண்டும். அவருக்காகச் செய்துகொடுப்பதே அன்பு என்று வாழ்ந்த மனைவியிடம் 'நீங்கள் உதவி செய்யாதீர்கள்' என்று சொன்னால், அவருடைய அன்பையே நாம் குற்றம் சொல்வதாகிவிடும். அவருக்கு வேறொரு பொறுப்பைக் கொடுக்க வேண்டும். சட்டையின் செயலிழந்த பக்கக் கையை முதலில் நுழைக்க நினைவூட்டுவது, பிறகு கணவர் முயலும்போது மனத்துக்குள் இருபது எண்ணும்வரை காத்திருப்பது, விழாமலிருக்கச் செயலிழந்த பக்கத்தில் நிற்பது என்று மனைவியின் கைக்கு ஒரு வேலை இருந்தால், ஊட்டிவிடும் கை தானாகப் பின்வாங்கும். அந்த மனைவி சரியாகத் தூங்குகிறாரா, தம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்பதும் சிகிச்சையின் பகுதியே.

இதில் ஒரு விதியை நான் விட்டுக்கொடுப்பதில்லை: முதல் வார்த்தை எப்போதும் சிகிச்சை பெறுபவரிடமே பேசப்பட வேண்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர் தலைக்கு மேல் 'நல்லா சாப்பிடுறாரா? தூங்குறாரா?' என்று துணைக்கு வந்தவரிடம் கேட்பது நம் மருத்துவமனைகளில் அன்றாடம் நடக்கிறது. மூளையின் இடது பாதியில் பாதிப்பு ஏற்பட்டு வலது பக்கம் செயலிழந்தவர்களில் பலருக்குப் பேச்சும் தடைப்படுகிறது. ஆனால் பேச முடியாத பலரால் பிறர் பேசுவதைப் பெருமளவு புரிந்துகொள்ள முடியும். தம்மைப் பற்றித் தம் முன்னாலேயே படர்க்கையில் பேசப்படுவதைக் கேட்டுக்கொண்டு, பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கும் மனிதரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவருக்கு எதிரே, கண்மட்டத்தில் அமர்ந்து, ஆம் இல்லை என்று தலையசைத்துச் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேட்டு, படங்களையும் பொருள்களையும் காட்டித் தேர்ந்தெடுக்கவிட்டு, பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். எப்படி அழைக்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். நரைத்த தலையைக் கண்டவுடன் 'தாத்தா' என்று அழைப்பது அன்பாக இருக்கலாம். 'சார்' என்றே நாற்பது ஆண்டுகள் அழைக்கப்பட்டவருக்கு, நோயோடு சேர்ந்து அந்த மதிப்பும் போய்விட்டதாகத் தோன்றவும் கூடும்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தைச் சேர்ந்த ரெனே டெய்லர் 2008இல் வெளியிட்ட உறவு மாதிரியில், சிகிச்சையாளர் பழகும் முறைகள் ஆறு என்று வகுத்தார்: வருபவரின் உரிமைக்காக வாதாடுதல், இணைந்து செயல்படுதல், அவர் உணர்வைப் புரிந்துகொள்ளுதல், ஊக்கப்படுத்துதல், அறிவுறுத்துதல், சிக்கலைத் தீர்த்தல். இவற்றில் எதுவும் மற்றொன்றைவிட உயர்ந்ததில்லை. அந்த மனிதருக்கு அந்த நேரத்தில் எது பொருந்தும் என்று அறிந்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறத் தெரிவதே திறமை. அழுதுகொண்டிருப்பவருக்கு ஊக்கமொழி சொல்வதும், தெளிவான வழிகாட்டல் கேட்பவரிடம் 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று திருப்பிக் கேட்பதும் ஒரே வகைப் பிழைகள்தான். நாம் அறிவுறுத்தலில் தேவைக்கு அதிகமாகப் பழகியிருக்கிறோம். உரிமைக்காக வாதாடுவதை நம் வேலையாகவே கருதுவதில்லை. அரசுப் பணியில் இருக்கும் ஒருவர் பக்கவாதத்துக்குப் பிறகு வேலை போய்விடுமோ என்ற அச்சத்தோடு உங்கள் முன் உட்கார்ந்திருக்கும்போது, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியான ஊழியரை அரசு நிறுவனம் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக் கூடாது என்றும், பழைய பணி இயலாதெனில் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்றும் சொல்வதை அவருக்குத் தெரிவிப்பது எந்தத் தோள்பட்டைப் பயிற்சியைவிடவும் அன்றைக்குப் பெரிய சிகிச்சை. அவரால் எந்தெந்த வேலைகளை எவ்வளவு நேரம் செய்ய முடியும் என்பதை அளந்து ஓர் அறிக்கையாக எழுதித்தருவது நம்மால் மட்டுமே முடிந்த உதவி.

நம்பிக்கை பெரிதும் சோதிக்கப்படுவது, 'கை பழையபடி வருமா?' என்ற கேள்வியில். கண்டிப்பாக வந்துவிடும் என்று சொல்வது அன்றைய தினத்தை எளிதாக்கும். ஆறு மாதம் கழித்து நம் மற்றச் சொற்கள் அனைத்தையும் மதிப்பிழக்கச் செய்யும். நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, பக்கவாதம் வந்த 72 மணி நேரத்துக்குள் விரல்களை ஓரளவு நீட்டவும் தோளைப் பக்கவாட்டில் ஓரளவு உயர்த்தவும் முடிந்தவர்களுக்கு, ஆறாவது மாதத்தில் கையில் ஓரளவு செயல்திறன் திரும்பும் வாய்ப்பு 98 சதவீதம் என்றும், இரண்டும் இயலாதவர்களுக்கு அது 25 சதவீதம் என்றும் கண்டது. இதை எண்களாக அவர் முன் கொட்ட வேண்டியதில்லை; ஆனால் நம் பதில் இத்தகைய அறிவிலிருந்து வர வேண்டும். முதல் மூன்று மாதங்களில் மீட்சி வேகமாக இருக்கும், பிறகு வேகம் குறையும், விரல்களின் நுண்ணசைவு எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும் அல்லது வராமலும் போகலாம், வராவிட்டாலும் நீங்கள் சொன்ன அந்த வேலையைச் செய்வதற்கு இன்னொரு வழியை நாம் கண்டுபிடிப்போம் என்று சொல்லலாம். உண்மையைச் சொல்லிவிட்டு உடனே அடுத்த வேலைக்குத் திரும்பிவிடாமல், அவர் அதைக் கேட்டு அமைதியாக இருக்கும் நேரம்வரை உடன் உட்கார்ந்திருக்க வேண்டும். நம் சொல்லால் நிரப்ப முடியாத இடமும் இங்கே உண்டு. வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பின்னரும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமாகவும் இருந்தார். அத்தகைய மருத்துவரைப் பார்க்கும் நோயாளிக்குக் கிடைக்கும் உறுதியை நம்மைப் போன்றவர்கள் பேசித் தந்துவிட முடியாது. ஆகவே, இதே நிலையைக் கடந்து தம் வாழ்க்கையை அமைத்துக்கொண்ட ஒருவரை, அவர் ஒப்புதலோடு, புதிதாக வருபவருக்கு அறிமுகப்படுத்துங்கள்.

குழந்தைகளுக்கான சிகிச்சையில் உறவு என்பது இன்னும் வெளிப்படையான இடத்தில் இருக்கிறது. அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏயர்ஸ் உருவாக்கிய புலனொருங்கிணைப்புச் சிகிச்சை (தொடுதல், அசைவு போன்ற புலனுணர்வுகளை ஒருங்கிணைத்துச் செயல்பட விளையாட்டின் வழியே குழந்தையைப் பழக்குவது), அதன் நெறிகளின்படி நடக்கிறதா என்று சரிபார்க்கப் பயன்படும் அளவுகோலில், குழந்தையோடு சிகிச்சைக் கூட்டுறவை வளர்ப்பதும் செயலைக் குழந்தையோடு சேர்ந்து தேர்ந்தெடுப்பதும் ஊஞ்சலுக்கும் தொடுவுணர்வுப் பொருள்களுக்கும் இணையான கூறுகளாக இடம்பெற்றிருக்கின்றன. உறவு இல்லாமல் ஊஞ்சலில் ஆட்டினால் அது அந்தச் சிகிச்சையே ஆகாது என்பதுதான் இதன் பொருள். ஆனால் நம் ஊர் மையங்கள் பலவற்றில் குழந்தையை உள்ளே அழைத்துச்சென்று கதவை மூடிவிடுகிறார்கள். தாய் முக்கால் மணி நேரம் வெளியே உட்கார்ந்து உள்ளிருந்து வரும் அழுகையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வளர்ப்பு சரியில்லை என்று புகுந்த வீட்டில் ஏற்கெனவே குற்றம் சாட்டப்பட்டவர் அவர். அவரை உள்ளே அழையுங்கள். குழந்தை ஏன் காதைப் பொத்திக்கொள்கிறது, ஏன் சில உணவுகளைத் துப்புகிறது என்பதை நடக்கும்போதே காட்டுங்கள். பிறகு, பத்துப் பயிற்சிகள் கொண்ட தாளைக் கொடுப்பதற்குப் பதிலாக, குளிக்கவைக்கும்போது செய்யக்கூடிய ஒன்றையும் சாப்பிடும்போது செய்யக்கூடிய ஒன்றையும் மட்டும் அவரோடு பேசி முடிவுசெய்யுங்கள்.

நம் வேலையில் தொடுதல் தவிர்க்க முடியாதது. உடை மாற்றப் பழக்குவது, இடம் மாற உதவுவது, எழுந்து நிற்கத் துணைபிடிப்பது ஆகியவற்றுக்கு முன், எங்கே ஏன் தொடப்போகிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுமதி கேட்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு ஆண் சிகிச்சையாளர்தான் இருக்கிறார் என்றால், புடவை உடுத்தவும் ரவிக்கைக் கொக்கி மாட்டவும் பழக்கும் பகுதியைப் பெண் சக ஊழியரிடமோ, அவர் விரும்பும், அவர் குடும்பத்தைச் சேர்ந்த பெண்ணிடமோ கொடுத்து, வெளியிலிருந்து வழிகாட்டுவதில் எந்தக் குறைவும் இல்லை. வீடு தேடிச் செல்லும்போது அவர்கள் கொடுக்கும் தண்ணீரையோ காப்பியையோ மறுக்காதீர்கள். யார் வீட்டில் யார் கைநனைப்பது என்பதற்கு நம் சமூகத்தில் என்ன பொருள் என்பது எல்லாருக்கும் தெரியும். நீங்கள் வேறு காரணத்துக்காக மறுத்தாலும், அந்த வீட்டில் அது வேறாகப் புரிந்துகொள்ளப்படலாம்.

எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்விக்கு என் அளவுகோல் எளியது: அந்த நெருக்கம் அவருடைய இலக்குக்கு உதவுகிறதா, அதை மறைக்காமல் சக ஊழியரிடம் சொல்ல முடிகிறதா? சிகிச்சையில் தாமே கட்டிய ஒரு முழம் பூவை ஒருவர் கொண்டுவந்து கொடுத்தால் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்ளலாம். தங்கக் காசை வாங்கக் கூடாது. கடன் கொடுப்பதும் வாங்குவதும் அறவே கூடாது. காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் அழைப்பார்கள். சில சமயம் போகலாம், ஆனால் ஒருவர் வீட்டுக்குப் போய் இன்னொருவர் வீட்டைத் தவிர்ப்பது மனவருத்தம் தரும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இரவில் வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளுக்கு எந்த நேரத்தில் பதில் சொல்வீர்கள் என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டால், பிறகு பதில் வராதது புறக்கணிப்பாகத் தெரியாது. மனநலப் பிரிவில் பணியாற்றுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டிய ஓரிடம் உண்டு: சிகிச்சை பெறுபவர் நம்மிடம் சொன்னதைக் குடும்பத்தார் கேட்டார்கள் என்பதற்காகச் சொல்லிவிடக் கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சட்டம் சொல்லும் விதிவிலக்குகள் தவிர, இரகசியம் காக்கப்படுவதை அவருடைய உரிமையாக்கியிருக்கிறது.

நாளொன்றுக்கு முப்பது நாற்பது பேரைப் பார்க்கும் அரசு மருத்துவமனையில் இவற்றுக்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பீர்கள். நேரக்குறைவு உண்மை, அதை மூடிமறைப்பதில் பயனில்லை. ஆனால் பத்து நிமிடமே கிடைத்தாலும், போன முறை அவர் சொன்ன ஒன்றை நினைவில் வைத்துக் கேட்கும் முதல் அரை நிமிடம் மீதி நேரத்தின் தன்மையையே மாற்றிவிடும். அதற்கு நினைவாற்றலை நம்ப வேண்டாம். கோப்பின் முதல் பக்கத்தில், நோயின் பெயருக்குக் கீழே, அவர் மீண்டும் செய்ய விரும்பும் வேலை எது என்பதை அவருடைய சொற்களிலேயே ஒரு வரி எழுதிவையுங்கள். மானுடவியலாளர் ஷெரில் மேட்டிங்லியும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் மோரீன் ஃபிளெமிங்கும் 1980களில் அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளிடையே நடத்திய ஆய்வில், நோயாளியை ஒரு முழு மனிதராக அறிந்து சிகிச்சையாளர்கள் செய்யும் பணியின் பெரும்பகுதி எந்தப் பதிவேட்டிலும் ஏறாமலே போவதைக் கண்டார்கள். மூட்டின் கோணமும் தசையின் வலுவும் மட்டுமே எழுதப்பட்டன. எழுதப்படாததை அடுத்து வருபவர் தொடர முடியாது. நீங்கள் விடுப்பில் போகும்போதும், பணிமாறுதலில் போகும்போதும், அந்த மனிதர் புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டிய நிலை வருகிறது. பலர் அத்துடன் நின்றுவிடுகிறார்கள்.

சிகிச்சையை முடிப்பதையும் இருவரும் சேர்ந்தே திட்டமிட வேண்டும். வாரம் மூன்று முறை வந்தவரிடம் திடீரென்று 'இனி வர வேண்டாம்' என்று சொன்னால், கைவிடப்பட்டதாகவே உணர்வார். வாரம் ஒன்று, பிறகு இரு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று இடைவெளியை விரிப்போம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் அவர் தனியாகச் செய்து பார்க்க வேண்டிய ஒரு வேலையை முடிவுசெய்யுங்கள். கடைசிச் சந்திப்பில், முதல் நாள் அவர் இட்ட மதிப்பெண்ணை அவரிடமே காட்டி மறுபடி மதிப்பெண் இடச் சொல்லுங்கள். தோள்பட்டையில் வலி கூடினாலோ, கை மேலும் இறுகினாலோ, மறுபடி விழுந்தாலோ யாரை எப்போது வந்து பார்க்க வேண்டும் என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில், வீட்டாரும் படிக்கும்படி எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.